மூச்சை எங்கே வாங்குவது

எவோரா பேராலயத்தில் பிப்ரவரி.
கல்லுக்குள் போன டிசம்பர்
இன்னும் வெளியே வரவில்லை.
மேலங்கியைக் கழற்றாமல் பழகுகிறோம்
ஆறு குரல்களுக்கு எழுதிய புலம்பல் ஒன்றை.
நானூறு வருடத்துக்கு மேல்.
எழுதியவன் பெயரைப் பூச்சி தின்றுவிட்டது.
மிச்சம் ஓர் எழுத்து,
அது எம்மா என்னா என்று இன்னும் சண்டை.

ஏட்டில் தாளக்கோடு கிடையாது.
"எண்ணாதீர்கள்" என்கிறார் கிராசியெத்,
"லத்தீன் சொல் எங்கே அழுந்துகிறதோ
அங்கே சாயுங்கள்.
சோப்ரானோ, குரலை நடுக்க வேண்டாம்.
அழுவது நீங்களில்லை, ஊர்."

மற்றவர்களுக்கெல்லாம் துரத்தல்தான்.
ஆல்டோ தொடங்கியதை பாஸ் பறிக்கும்,
பறித்ததை மேலிருந்து ஒருத்தி கொத்திப்போவாள்.
டெனர் இருவருக்கு,
பெல்மீரோவுக்கும் எனக்கும்,
ஒன்பதே சுரம்.
பழைய செப மெட்டை இழுத்து இழுத்து
நூலாக்கிக் கையில் தந்திருக்கிறான்.
ஒரு சுரம் முடிவதற்குள் சோப்ரானோக்கள்
எருசலேம் போய்த் திரும்பிவிடுவார்கள்.
எங்களை யாருக்கும் கேட்காது.
நின்றால்தான் தெரியும்.

ஒப்பந்தம் இதுதான்:
அவர் மூச்சு வாங்கும்போது நான் வாங்கக் கூடாது.
சொல்லின் நடுவில் திருடலாம், எல்லையில் கூடாது.
திரும்ப நுழைகையில் பூனை.
பெல்மீரோ பேருந்து ஓட்டுகிறவர்,
என் மார்பு காலியாவது
வளைவுக்கு முன்பே தெரிந்துவிடும் அவருக்கு.

புனித வியாழன் இரவு அவர் வரவில்லை.
மொந்தெமோர் சாலையில் லாரி கவிழ்ந்து
நாற்பது பயணிகளோடு நிற்கிறாராம்.
கிராசியெத் என்னைப் பார்த்தார்.
கை உயர்ந்துவிட்டது.

மூன்றாம் சுரம் வரை சமாளித்தேன்.
நான்காவதில் பார்வையின் ஓரம் கறுத்தது.
உடைத்து வாங்கலாம்,
கூட்டம் கவனிக்கவே கவனிக்காது.

அப்போது இடப்பக்கத்திலிருந்து
தன் வரியை விட்டு இறங்கி வந்தாள்
இரண்டாம் ஆல்டோ ஸுல்மீரா.
கார் நிறுத்துமிடத் தகராறில்
ஆறு மாதமாக முகம் கொடுத்துப் பேசாதவள்.
என் சுரத்தை வாங்கி வைத்துக்கொண்டாள்
ஒரு மூச்சு நேரம்,
தாளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வாங்கினேன்.
மெழுகுவாசம், யாரோ தின்ற ஆரஞ்சு, குளிர்,
எல்லாம் சேர்ந்து உள்ளே வந்தன.
பார்த்தால் அவள் தன் இடத்தில்.
அவள் வரியில்தான் இப்போது ஓட்டை.

கடைசிக் குரல்சேர்க்கை கூரையில் அடங்க
ஏழு விநாடி, அசையக் கூடாது.
முழுதாய் அரைச்சுரம் இறங்கியிருந்தோம்,
எல்லோரும் ஒன்றாகவே இறங்கியதில்
கிராசியெத் மட்டும் சிரித்தார்.

வெளியே அவள் கார்
மறுபடியும் என் வண்டியை மறித்து நின்றது.
ஹாரன் அடிக்கவில்லை.
மதிலில் சாய்ந்து காத்திருந்தேன்.
அவளோ உள்ளே
யாருடனோ பேசிக்கொண்டே இருந்தாள்.