பெயர் ஒத்திவைக்கப்பட்டது

ஹட்டன். ஞாயிறு, பின்னேரம் மூன்று மணி.
முபாரக் டெய்லர்ஸ் மேல்மாடி.
வந்தவர் எழுவர். வராதவர் இருவர்:
ஒருவருக்கு வெலிமடையில் டியூட்டி,
ஒருவருக்கு
மேலதிகாரி என்ன நினைப்பாரோ என்ற காய்ச்சல்.
(இப்படி எழுதாதே என்றார் தலைவர்.
எழுதிவிட்டேன். செயலாளர் நான்.)

முதல் விடயம்: சங்கத்தின் பெயர்.
'மலையகத் தமிழ்ப் பொலிசார்' என்றார் சார்ஜன்ட் விஜேந்திரன்.
'தமிழ்' என்று போட்டால் பதிவாகாது என்றது ஒரு குரல்.
போடாவிட்டால் பதிவு எதற்கு என்றது இன்னொன்று.
தகரத்தில் மழை
இரண்டு தரப்புக்கும் கை தட்டியது.
ஒத்திவைக்கப்பட்டது, நான்காவது தடவையாக.

இரண்டாவது: கணக்கு.
பத்தாம் நம்பர் லயத்துக்கு இறங்கும் படிக்கட்டு,
சீமெந்து ஆறு மூடை.
லீவு நாளில், சாரத்தோடு, நாங்களே சுமந்தோம்.
காக்கி இல்லாததால் பிள்ளைகள் ஓடவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த மாதம் ஓடினார்கள்.
தொப்பியைக் கண்டதும் வரிசையாய்ச் சாத்திய கதவுகளில்
எங்கள் வீட்டுக் கதவும் ஒன்று.
பிறகு பல நாள்
பஸ் ஸ்டாண்ட் கழிவறையில் உடை மாற்றி
காக்கியைப் பைக்குள் மடித்து
திருட்டுச் சாமானைப்போல வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மூன்றாவது: தெய்வானையின் முறைப்பாடு.
கொழுந்து நிறுக்கும் இடத்தில் தொடங்கிய சண்டை.
சிங்களத்தில் எழுதி, கையொப்பம் வாங்கி
பத்து நாள்.
கொப்பியைத் திறந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.
'கால் இடறி விழுந்தேன்' என்ற இடத்தில்
நிறுத்தச் சொன்னாள்.
"நான் விழல புள்ள. அவுங்க தள்ளி வுட்டாங்க."
மறுபடி பார்த்தேன். அதே வரி.
"அப்ப நான் சொன்னது எங்க போச்சு?"

அந்தக் கேள்வியை அப்படியே
குறிப்பில் சேர்க்கக் கோருகிறேன்.
என் அப்பாவும் ஒரு தாளில் பெருவிரல் பதித்தார்.
பதினொரு நாள் உள்ளே இருந்தார்.
தாளில் என்ன இருந்தது?

புதிய வாக்குமூலம் தமிழில், நான்கு பக்கம்.
ஓ.ஐ.சி. பேனாவைத் திறந்து, மூடி,
திறந்து,
கடைசியில் ஒப்பமிட்டார்.
தெய்வானை மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள்.
வாசித்தேன். மூன்றாவதில்
அவளும் கூடவே சொல்லிக்கொண்டு வந்தாள்.

முதல் வாக்குமூலத்தை எழுதியவர் ஜயதிஸ்ஸ.
இன்று வந்த எழுவரில் அவரும் ஒருவர்.
யாரும் அழைக்கவில்லை.
"எனக்கு விளங்கினதுதான் எழுதினது" என்றார்,
எங்கள் மொழியில், கல்லில் நடப்பதுபோல.
அங்கத்தவராகலாமா என்று கேட்டார்.
யாப்பில் இடமில்லை என்றார் பொருளாளர்.
யாப்பு இன்னும் எழுதவேயில்லை என்றேன்.
விஜேந்திரன் ஒன்றும் சொல்லாமல்
முபாரக்கின் சுண்ணக்கட்டியை எடுத்து
துணி வெட்டும் மேசையில் பெரிதாக
தள்ளு என்று எழுதினார். பக்கத்தில் விழு.
ஜயதிஸ்ஸ இரண்டின் மேலும் விரலை ஓட்டினார்.

கையிருப்பு: மூவாயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.

பிற்சேர்க்கை:
மேசையில் விரித்த ஒரு மாப்பிள்ளைக் கோட்டில்
'தள்ளு' கண்ணாடி எழுத்தில் ஒட்டிக்கொண்டதாக
முபாரக் முறைப்பாடு.
தமிழில் பதியப்பட்டது.
அவருக்கு வாசித்தும் காட்டப்பட்டது.