கண்டறியப்படவில்லை

ஆர்டித் க்வாலே நீட்டிய சீசாவில்
கால்வாசிதான் மிச்சம்.
பெட்ரோல் பங்கில் வாங்கியது,
சூயிங்கத்துக்கும் லாட்டரிச் சீட்டுக்கும் இடையிலிருந்து.
லேபிளில் பச்சை இலை, பச்சை மலை,
யாரோ ஒருத்தியின் சிரிப்பு.
அதன் கீழே: சிபிடி ஆயிரம் மில்லிகிராம்.
டிஎச்சி பூஜ்யம்.

யாக்கிமா பள்ளத்தாக்கில்
இருபத்திரண்டு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள்.
பிரேக்கை மிதித்தே தேய்ந்த வலது முட்டி
இரவெல்லாம் குடைய,
நாக்கடியில் பத்துச் சொட்டு.
கஞ்சாவின் சாதுவான தங்கை இந்த ஹெம்ப்,
போதை கிடையாது என்றானாம் கடைக்காரன்.
மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
குலுக்கலில் இவள் பேர் விழுந்தது.
சிறுநீர் பேசிற்று.
சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

"இதைச் சோதித்துச் சொல்."
திறந்த சீசாவை எடுப்பதில்லை என்றேன்.
இடையில் யார் எதைக் கலந்தார்களோ என்று
எதிர்க்கட்சி வக்கீல் கேட்பான்.
மறுபடி பங்குக்குப் போனாள்.
அதே தொகுதி எண்ணில்
சீல் உடையாத இன்னொன்று கொண்டுவந்தாள்,
தன்னைக் கவிழ்த்ததற்கே
இன்னொரு நாற்பது டாலர் அழுதுவிட்டு.

சீசாவின் கட்டக் குறிக்குப் போனைக் காட்டினேன்.
சான்றிதழ் ஒன்று திறந்தது. அழகான சான்றிதழ்.
வேறொரு தொகுதிக்குக் கொடுத்தது,
ஈராண்டு பழசு,
அதுவும் கம்பெனியே பொறுக்கி அனுப்பிய சொட்டுக்கு.
ஏட்டுச் சுரைக்காய்.

பிறகு என் வேலை.
நிறுத்து, கரைத்து, வடிகட்டி,
கருவிக்கு ஊட்டிவிட்டுக் காத்திருந்தேன்.
திரையில் கோடு தட்டையாக நடந்தது,
திடீரென்று மலையேறியது: சிபிடி.
லேபிள் சொன்னதில் பாதி உயரம்.
இறங்கிக் கொஞ்ச தூரம் போனதும்
ஒரு சின்ன மேடு,
எறும்புப் புற்று அளவு.
பூஜ்யத்துக்கும் உயரம் உண்டென்று
அன்று பார்த்தேன்.

ஈயமும் இருந்தது. வரம்புக்கு மேலே, கொஞ்சம்.
எந்த மண்ணில் விளைந்ததென்று சீசா சொல்லவில்லை.
இந்தப் பக்கத்து நிலமென்றால் வியக்க மாட்டேன்:
ஆப்பிள் தோட்டமாக இருந்த காலத்தில்
புழுவுக்கு ஈய ஆர்சனேட் அடித்தார்கள்.
புழு செத்தது, மரத்தையும் வெட்டியாயிற்று,
மருந்து மட்டும் வீட்டைக் காலி செய்யவில்லை.
இந்தச் செடியின் வேருக்கோ
கிடைத்ததைக் குடிக்கத்தான் தெரியும்.

அறிக்கையை இரண்டு தடவை படித்தாள்.
பூச்சிமருந்துப் பட்டியலில் விரல் வைத்து,
"கண்டறியப்படவில்லை என்றால்
இல்லை என்றுதானே?"
இல்லை என்று வாயெடுத்தேன்,
எந்த இல்லை அது என்று எனக்கே குழம்பியது.
"எங்கள் கருவியின் கண்ணுக்கு
எட்டவில்லை என்று அர்த்தம்."
கடைசி வரியை அவளே சத்தமாகப் படித்தாள்:
இம்முடிவு பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே பொருந்தும்.
"என் வேலைக்கு?" என்றாள்.
நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

வெளியே தண்டவாளத்தின் முன்
அவளுடைய பதினான்காம் எண் பேருந்து வந்து நின்றது.
புது ஓட்டுநர், சட்டப்படி,
கதவைத் திறந்து காது கொடுத்தான்.
ரயில் ஏதும் இல்லை.
உடனே மூடிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

ஆர்டித் ஜன்னலோரம்
இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள்.