மடக்கு நாற்காலி

பள்ளிக்கூடக் கம்பிவேலியை ஒட்டி
நாற்பது நிமிடத்தில் ஏழு அடி நகர்ந்தது வரிசை.
சாட்ஸ்வொர்த்தில் மே மாத இரவு,
பக்கத்தில் கடல் இருப்பதையே மறக்கவைக்கும் குளிர்.
உள்ளே மின்சாரம் போய்விட்டதாம்.
டார்ச் வரும், யாரும் போய்விடாதீர்கள் என்றார்கள்.
போவதாக இல்லை நான்.
பதினோரு வருடமாக இந்த இரவுக்குத்தான்
என் வலது கை காத்திருந்தது.

தெருமுனையில் தொப்பி போட்ட பையன்
நோட்டீஸ் கொடுத்திருந்தான்.
தூக்குக் கயிற்றைத் திரும்பக் கொண்டுவருவோம்.
கீழே ஒரு வேதவசனம், அச்சுப்பிழையோடு.
போன ஞாயிறு பாஸ்டர் படையாச்சியும்
அதே வசனத்தைத்தான் வாசித்தார்.
யாருக்குப் போடுங்கள் என்று சொல்லமாட்டேன்,
கர்த்தர் பார்க்கிறார், அவ்வளவுதான் என்றார்.
ஆமென் என்றேன். எல்லாரையும்விடச் சத்தமாக.

எனக்கு முன்னால் நின்றவள் திரும்பினாள்.
ரோசலின் மூட்லி.
சபையில் கடைசி வரிசைக்காரி.
லுவெலினின் அம்மா.

கோர்ட்டில் ஆறு நாள் எதிரெதிர் பெஞ்சில் இருந்தோம்.
அவள் மகன் என் டைரனை
ஹிக்கின்சன் சாலை பஸ் நிறுத்தத்தில்
ஒரு செல்போனுக்காக.
திரை கீறிய போன்.
முந்தின நாள்தான் முப்பது ராண்டுக்கு
அதில் ஏர்டைம் போட்டுக் கொடுத்திருந்தேன்.

அவளிடம் ஒரு மடக்கு நாற்காலி,
கடற்கரைக்கு எடுத்துப்போவார்களே, நீலக் கோடு போட்டது.
என் முழங்காலைப் பார்த்தாள்,
தையல் ஃபாக்டரி தின்று மீதி வைத்த முழங்கால்.
ஒன்றும் சொல்லாமல் நாற்காலியை விரித்து
எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

நான் உட்காரவில்லை.
அவளும் உட்காரவில்லை.
வரிசை நகர்ந்தது,
காலி நாற்காலியைத் தூக்கி முன்னால் வைத்தாள்.
மறுபடி நகர்ந்தது. மறுபடி வைத்தாள்.
பின்னால் நின்ற ஜூலு அம்மா ஒருத்தி
இந்த சீட் யாருக்கு, இயேசுவுக்கா என்று சிரித்தாள்.
எட்டரை மணிக்கு
என் முழங்கால் என்னைக் கேட்காமல் தீர்மானித்தது.

கிருபை, கிருபை என்று
முப்பது வருடம் பாடியிருக்கிறேன்.
அதற்கு ஒரு கால் வளைந்திருக்கும்,
பனியில் துணி ஈரமாயிருக்கும்,
உட்கார்ந்தால் கிறீச்சிடும் என்று யாரும் சொன்னதில்லை.
நான் மன்னித்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.
உட்கார்ந்தேன்.

பிறகு நான் எழுந்தேன், அவள் உட்கார்ந்தாள்.
அப்படியே மாறி மாறி.
ஒரே ஒரு தடவை கேட்டேன்:
அவனைப் பார்க்கப் போகிறாயா?
மாதம் ஒரு ஞாயிறு, வெஸ்ட்வில் ஜெயிலுக்கு.
அன்றைக்கு சபைக்கு வரமுடிவதில்லை.

அவள் வராத ஞாயிறுகளை
வெட்கம் என்று கணக்கெழுதி வைத்திருந்தேன் நான்.

ஏவாளுக்கு எதிரெதிர் பெஞ்சு கிடையாது.
செத்தவனையும் அவள்தான் பெற்றாள்,
கொன்றவனையும்.

இடது கட்டைவிரல் நகத்தில் மை பூசினார்கள்.
காயீன்மேல் கர்த்தர் போட்ட அடையாளம்
நினைவுக்கு வந்தது.
அதைத் தண்டனை என்றே இத்தனை நாள் எண்ணியிருந்தேன்.
அவனை யாரும் கொன்றுவிடாதபடிக்குப் போட்டது அது.
பாஸ்டர் அந்தப் பக்கம் போகவில்லை.

அட்டைத் தடுப்புக்குள் டார்ச் வெளிச்சம் நடுங்கியது.
சட்டம் திரும்ப வந்தாலும்
லுவெலினுக்குப் பொருந்தாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார்.
அப்படியென்றால் இந்தக் கயிறு
எனக்குப் பெயர் தெரியாத ஒருத்தியின் பிள்ளைக்கு.

எங்கே குறி போட்டேன் என்று சொல்லமாட்டேன்.
நேரம் எடுத்தேன்.
பக்கத்துத் தடுப்பில் அவளும் எடுத்தாள்.
அவள் எங்கே போட்டாளோ, அதுவும் தெரியாது,
ஒருவேளை கயிற்றுக்கே போட்டிருக்கலாம்.

வெளியே வந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.
நாற்காலி வேலியில் சாய்ந்து கிடந்தது.
மடக்கத் தெரியாமல்
விரித்தபடியே வீட்டுக்குச் சுமந்து வந்தேன்.
ஞாயிறு கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.
இந்த மாதம் எந்த ஞாயிறு வரமாட்டாள் என்று
கேட்காமல் விட்டுவிட்டேன்.