விகுதிக்குத் தனி மதிப்பெண்

மூன்றாம் மணி அடித்ததும்
வகுப்பு மொழிவாரியாகக் கலையும்.
இந்திக்கு மாடி, உருதுக்கு நூலகம்,
தமிழுக்கு எப்போதும் தையல் அறை.
பதினோரு பிள்ளைகள்,
உறை போட்ட எட்டுத் தையல் மெஷின்கள்,
ஜன்னலில் வக்வாவின் மழை,
ஜூன் முழுக்க.

பத்து கிரியோல் வாக்கியங்கள் எழுதிப்போட்டேன்.
தமிழாக்குக.
விகுதிக்குத் தனியே ஒரு மதிப்பெண்.

லி பெ க்வி மான்ஸே.
லி பெ ரெபார் லோதோ.
லி பெ ப்லோரே.

கிரியோலில் லி ஒன்றுதான்.
கரும்பு லாரி ஓட்டினாலும் லி,
கண்ணாடி முன் பொட்டு வைத்தாலும் லி.
தமிழுக்குள் வந்தால் சும்மா விடுவோமா?
வினைமுற்றின் வாசலில் மறித்து
ஆனா, ஆளா,
சொல்லிவிட்டு உள்ளே போ என்போம்.

இரவு நோட்டுகளைத் திருத்தினேன்.
பத்தும் ஒரே கை எழுதியது போல.
சமைக்கிறாள்.
கார் பழுது பார்க்கிறான்.
அழுகிறாள்.
பத்திரிகை படிக்கிறான்.
சிவப்புப் பேனா சரி, சரி என்று ஓடியது
மலையிறங்கும் பஸ் மாதிரி.

பதினோராவது, ரங்கென் வீட்டுப் பிள்ளையின் நோட்டு.

சமைக்கிற்
பழுது பார்க்கிற்
அழுகிற்

றகரத்தின் தலையில் புள்ளி.
அதற்கப்புறம் வெறும் தாள்.
பக்கத்தின் அடியில் பென்சிலில்:
"மிஸ், யார் என்று வாக்கியத்தில் இல்லை."

பத்துக்கும் முட்டை போட்டேன்.

ஏப்ரலில் காத்ர் போர்ன் மண்டபத்தில்
எங்களுக்கு ஒருநாள் பயிற்சி.
பால் உடம்போடு வருவது,
பாலினம் ஊர் உடுத்திவிடுவது என்றார் அதிகாரி.
இரண்டு பத்தியாக எழுதி, கோடு கிழித்து,
தால் பூரி தின்று, சான்றிதழ் வாங்கித் திரும்பினேன்.
மறுநாள் ஆசிரியர் அறைக் கதவில்
"விருப்பப் பாடம்" என்றொரு பட்டியல்.
மரவேலைக்கு இருபத்து மூன்று பையன்கள், ஒரு செல்வினா.
வெள்ளிக்கிழமை அவளே தையல் அறைக்கு வந்துவிட்டாள்.
யாரும் விரட்டவில்லை.
"அங்க ஏப்ரன் எல்லாம் பெருசு, மிஸ்.
ரம்பத்துல மாட்டுது."
அவ்வளவுதான் சொன்னாள்.
நானும் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தேன்.

முட்டைகள் தூங்கவிடவில்லை.
குழந்தை அழுதது என்கிறோமே,
எந்தப் பிறந்தநாளில் கழன்று விழுகிறது அந்த அது?
அழுகையை யார் பிடுங்கி
ஆளுக்கு மட்டும் கொடுத்தது?

காலையில் கேட்டேன்:
"உங்க வீட்டுல யார் சமைப்பாங்க?"
"அப்பா. ஓட்டல்லயும் அவர்தான்."
"அப்ப அப்படியே எழுதியிருக்கலாமே."
"இது எங்க அப்பாவைப் பத்தின வாக்கியம் இல்லையே, மிஸ்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:
"ஆர் போட்டா ரெண்டு பேருக்கும் ஆகுமே!
சமைக்கிறார். அழுகிறார்."
அழுகிறாருக்கு அறையே சிரித்தது.
ஆர் பெரியவங்களுக்கு மட்டும்தான் என்று
வாய் திறந்தேன்.
மூடிக்கொண்டேன்.

பள்ளிப் படிவம் கேட்கிறது,
ரங்கென் பிள்ளை ஆணா பெண்ணா என்று.
நீங்களும் மேலே எங்காவது தேடியிருப்பீர்கள்.
அதற்கு நான் பதில் எழுதவில்லை;
என் வாக்கியத்துக்கு அது தேவைப்படவில்லை.

முட்டைகளுக்கு முன்னால் ஒன்றொன்று போட்டேன்.
பத்து, பத்து, பத்து என்று
நோட்டு அபத்தமாக நிறைந்தது.
அதைச் சமாளித்துக்கொள்ளலாம்.

மற்ற பத்து நோட்டுகளில்
நான் போட்ட சரிகளைத்தான்
என்ன செய்வதென்று தெரியவில்லை.
நல்ல மை. வக்வா ஈரத்திலும்
கலையாத மை.

இடைவேளையில்
மரவேலை மாஸ்டரிடம் போய்
சின்ன அளவில் ஏப்ரன் உண்டா என்றேன்.
யாருக்கு என்றார்.