வாட்டர் வாஷ், சீலநாயக்கன்பட்டி

திங்கட்கிழமை வெளுப்பதற்குள் வந்துவிடும்
மெட்ராஸ் போன வேன்கள்.
கேரியரில் காயாத துண்டு,
பின்சீட்டில் யாரோ மறந்த தட்டுவடைப் பொட்டலம்,
கால்மிதியைத் தூக்கினால்
மணல்.

எந்தக் கடற்கரை என்று
டிரைவர் சொல்ல வேண்டியதில்லை எனக்கு.
மெரினா என்றால் பெருமணல்.
கூடவே சுண்டல் தாள்,
மிளகாய்த்தூள் அப்பிய மாங்காய்க் கீற்று,
குதிரை ஏறிய பையனின் கால்சட்டையிலிருந்து
உதிர்ந்த பழுப்பு மயிர் ஒன்று.
பெசன்ட் நகர் மணலில் மெழுகு இருக்கும்.
மாதா கோயிலில் ஏற்றியது போக மீந்ததை
மடியில் வைத்துக்கொண்டே தூங்கிவிடுவார்கள்.
சீட்டில் உருகினால் பிளேடால் சுரண்ட வேண்டும்,
அதற்கு ஐம்பது ரூபாய் தனி.
கோவளம், மீன்செதில்.
ஒருமுறை எண்ணூர் மண் வந்தது,
பட்டறையில் காந்தம் இழுக்கும் தூள்போல, கறுப்பாக.
"அங்க எதுக்குங்க போனீங்க?"
"வழி தப்பிட்டோம்" என்றார் செங்கோடன்.
வழி தப்பியும்
இறங்கிக் குளித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள்.

உனக்கு எந்த பீச் புடிக்கும் வையாபுரி
என்று கேட்பார்கள், டீ வரும்வரை.
பாலவாக்கம் என்பேன்.
பாலவாக்கம் போன வண்டியில்
மணல் குறைவு.

கடலுக்குப் போன வண்டியை அன்றே கழுவ வேண்டும்.
விட்டால் அடித்தகட்டில் உப்பு ஏறி
சைலன்சர் அப்பளமாக நொறுங்கும்.
குழியில் இறங்கி அண்ணாந்து பீய்ச்சும்போது
உதட்டில் விழும் சொட்டு கரிக்கும்.
டெம்போ டிராவலரின் வயிற்றிலிருந்து
எனக்குக் கடல் சொட்டுகிறது.

போன மாசியில்
அர்த்தனாரி அண்ணனின் கிளீனருக்கு அம்மை போட்டது.
நான் போனேன்.
அம்மாப்பேட்டைக் குடும்பம், இருபத்தொரு பேர்,
உளுந்தூர்பேட்டையில் மூன்று பேர் வாந்தி.
மெரினாவில் வண்டியை நிறுத்தியதும்
கதவு திறக்குமுன்னே ஓடினார்கள்.
"வண்டியப் பாத்துக்க" என்று
அண்ணனும் லுங்கியை மடித்துக்கொண்டு இறங்கிவிட்டார்.
இருபது ஜோடிச் செருப்பு என் காவலில்.
(பெரியநாயகியம்மா மட்டும் போட்டுக்கொண்டே போனார்,
புதுசு.)

இரண்டு பஸ்களுக்கு நடுவே
ஒரு முழ அகலத்துக்கு நீலம்.
அதில் ஒரு பலூன்காரர் குறுக்கே போனார்,
ஒரு நாய் போனது,
பிறகு மூன்றாவது பஸ் வந்து நின்றது.
சத்தம் மட்டும் கேட்டது,
நம் கம்ப்ரஸர்போல,
காற்று நிறைந்ததும் நின்று
மறுபடி ஓடத் தொடங்கி.

திரும்பும்போது எல்லோரும் தூங்கினார்கள்.
ஆத்தூர் தாண்டியும்
அவர்கள் மடிப்புகளிலிருந்து
மணல் கொட்டிக்கொண்டே வந்தது.
விடிந்ததும் நானே கூட்டினேன்.
கிளீனராகப் போனவனுக்கு
வாஷ் கூலி கிடையாதாம்.

கூட்டிய மணலையெல்லாம்
வேப்பமரத்தடியில் குவித்து வைத்திருந்தார்
ஓனர் சின்னப்பையன். நான்கு வருஷ மணல்.
கம்ப்ரஸருக்கு மேடை போட அதையே கலக்கச் சொன்னார்.
"கடல்மண்ணு வேணாங்க, உப்புப் பூக்கும்"
கொத்தனார் சொன்னார்.
"சும்மா வந்த மண்ணுய்யா" என்றார் இவர்.

பூத்தது.
மழைக்கு முந்தின நாள் மேடை வியர்க்கும்,
வெயில் வந்தால் ஓரமெல்லாம் வெள்ளை.
குனிந்து பார்த்திருக்கிறேன்.
எது பெசன்ட் நகர், எது கோவளம்
அதில் எனக்குத் தெரியவில்லை.
அம்மாப்பேட்டைக்காரர்களின் மெரினாவும்
உள்ளே எங்கேயோ இருக்கிறது.

இன்று விடியலில் மேடை ஈரம்.
வடக்கே மலையைக் காணோம், ஒரே மேகம்.
செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு
ஏறி நின்றேன் கொஞ்ச நேரம்.
குதிகால் பிசுபிசுத்தது.

அர்த்தனாரி அண்ணன் ஹாரன் அடிக்கிறார்.
ஏற்காடு போய்வந்த வண்டி.
செம்மண், காப்பித் தோல்,
ஆரஞ்சுச் சுளை ஒன்று நசுங்கி.
கழுவுவதற்கு லேசு.