கொல்லனின் கணக்கு

முதல் தாழ்ப்பாளை மேலங்கிக்குள் மறைத்து
என் பட்டறைக்குக் கொண்டுவந்தாள் வல்பூரி.
என் கைவேலைதான். பதினோரு வருஷம் முன்
அவள் கல்யாணத்துக்கு அடித்துக் கொடுத்தது.
"இதைக் காய்ச்சி ஒரு கரண்டியாக அடித்துக் கொடு."
"ஏன், துருப்பிடித்துவிட்டதா?"
"இல்லை. நன்றாகவே வேலை செய்தது."

அந்த வருஷம் எங்கள் ஏரி
ஜூன் பாதிவரை வெள்ளையாய்க் கிடந்தது.
ஆகஸ்டிலேயே உறைபனி இறங்கி
பால் பிடிக்கும் முன்பே கதிரைக் கருக்கியது.
பைன் மரத்தின் உள்பட்டையை இடித்து
மாவில் பாதி சேர்த்தோம்,
பிறகு முக்கால்.
வடக்கேயிருந்து ஆட்கள் நடந்து வந்தார்கள்,
சறுக்குவண்டியில் பிள்ளைகளை இழுத்தபடி.
காய்ச்சலும் கூடவே நடந்து வந்தது.
திறக்காதீர்கள் என்றார் பாதிரியார், பிரசங்க மேடையிலிருந்தே.
அவர் சொல்லாவிட்டாலும்
திறந்திருக்க மாட்டோம்.

அவளும் திறக்கவில்லை.
மூன்று முறை தட்டினார்களாம்.
நான்காவது கேட்டால் எழுந்துவிடுவேன் என்று
போர்வைக்குள் தனக்குத்தானே ஒரு பேரம்.
நான்காவது வரவில்லை.
விடிந்ததும் தள்ளிப் பார்த்தாள், கதவு நகரவில்லை.
வெளியே யாரோ சாய்ந்து உட்கார்ந்திருந்த கனம்.

ஒரு மதத்தை நிறுவியவள் என்று
இப்போது சொல்கிறார்கள்.
அவள் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை.
தாழ் இருந்த இடத்தில் நாலு ஆணித்துளை, அவ்வளவுதான்.
சந்து வழியே பனி படுக்கைவரை வந்தது.
புருஷன் ஈசாக்கி ஒரு மாதம் திட்டினான்,
பிறகு பசுவை ஓட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனான்.
பனி உருகும் காலத்தில் திரும்பி வந்தபோது
அவன் தட்ட வேண்டியிருக்கவில்லை.

மாவாலைக்காரன் மனைவி ஹெத்தா அடுத்ததைக் கொண்டுவந்தாள்.
பிறகு, எல்லைத் தகராறில்
முகம் பார்த்துப் பேசாத இரண்டு சகோதரர்கள்,
வெவ்வேறு நாளில், வெவ்வேறு பொய்யோடு.
பிறகு ஏரிக்கு அக்கரையிலிருந்து படகில்.
என் கணக்குப் புத்தகத்தில் நாற்பத்தொரு தாழ்,
நாற்பத்தொரு கரண்டி.
ஐந்தாறு வீட்டில் திருட்டுப் போனது.
ஒரு வீட்டில் காய்ச்சல் நுழைந்து
இரண்டு குழந்தைகளை எடுத்துக்கொண்டு போனது.
அந்தத் தாய் வல்பூரியின் முகத்தில் துப்பினாள்.
அவள் துடைத்துக்கொள்ளவில்லை.
அதையும் எழுதிவைத்தான் தாவெத்தி.

தாவெத்தி பள்ளிக்கூடத்தில் எழுத்தனாக இருந்தவன்.
அவள் இருமினால்கூட எண் போட்டுக் குறித்தான்.
'தாழற்றவர்' என்று பெயர் வைத்தவன் அவன்தான்.
மரத்தில் ஜெபவீடு கட்டி, சுவருக்கு நீலம் பூசி,
முதல் கரண்டியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள்.
முழங்காலிட்டு அதைப் பார்க்கத்
தலைநகரிலிருந்தெல்லாம் வந்தார்கள்.

பெட்டிக்கு ஒரு பூட்டு வேண்டும் என்றான் தாவெத்தி,
உலையைப் பார்த்துக்கொண்டே.
செய்தேன். மூன்று நாக்குப் பூட்டு.
நான் செய்ததிலேயே சிறந்தது.
கூலி பன்னிரண்டு மார்க்கா,
பேரம் பேசாமல் கொடுத்தான்.

அடுத்த வாரம் அவளே வந்தாள்.
ஒரு கண் மங்கியிருந்தது, கோலூன்றி நின்றாள்.
"சூப் ஊற்றக் கரண்டி இல்லை.
இன்னொன்று அடித்துக் கொடு."
"இரும்பு?" என்றேன், வழக்கம்போல.
அவள் என் வீட்டுக் கதவைப் பார்த்தாள்.

துருத்தியை மிதித்தேன்,
தேவைக்கு மேலேயே மிதித்தேன்.
மூலையில் கிடந்த லாடம் ஒன்றை எடுத்து
அதில் அடித்துக் கொடுத்தேன்.
சூடு ஆறுமுன்பே வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.
பூட்டைப் பற்றி அவளும் கேட்கவில்லை.

அவளைப் புதைத்து ஆறு குளிர்காலம் ஆகிறது.
நான் அவர்களோடு சேரவில்லை. என் கதவில் தாழ் இருக்கிறது.
ஆனால் கணப்படுப்போரக் கட்டிலை விட்டுவிட்டு
வாசல் பக்கப் பலகையில்தான் படுக்கிறேன் இப்போதெல்லாம்,
முதல் தட்டலுக்கே எழுந்துவிடலாம் என்று.
இதுவரை யாரும் வரவில்லை.
காற்றுக்கு இரண்டு முறை எழுந்தேன்.