எட்டு மணி நேரம் பின்னால்

இடி விழுந்து ஆபிஸ் கணினி கருகியதிலிருந்து
எடைமேடைச் சீட்டெல்லாம்
என் மடிக்கணினியில்தான் அடிக்கிறேன்.
கம்பெனி ஒரு சென் தரவில்லை.
புதிது கேட்ட விண்ணப்பம்
கோலாலம்பூரில் யாரோ ஒருவர் மேசையில்
வெயில் படாமல் இருக்கிறது.

சனி ராத்திரி, அதே வட்டில்,
விண்டோஸுக்குப் பக்கத்தில்
லினக்ஸை ஏற்றினேன்.
யாரும் கேட்கவில்லை. ஆசை.
பகாவ் கடையில் கேட்டால்
நூற்றைம்பது வெள்ளி என்பான்.

ஞாயிறு மத்தியானம் லினக்ஸில் இருந்தபடியே
நடுவில் சும்மா கிடந்த சின்னப் பிரிவு ஒன்றை
அழித்தேன். எட்டு கிகாபைட்.
சோற்றுத் தட்டை ஒதுக்குவது போல
அவ்வளவு லேசாக.

திங்கள் காலை ஐந்து முப்பத்தைந்து.
செம்பனைக்கு மேல் இன்னும் இருட்டு.
கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து:
அப்படி ஒரு பிரிவு இல்லை.
கீழே கிரப் ரெஸ்கியூ என்று ஒரு வரி,
அதன் நுனியில் கண் சிமிட்டும் கோடு.

விண்டோஸும் காணோம். லினக்ஸும் காணோம்.
இரண்டும் உள்ளேதான் இருக்கின்றன,
எனக்குத் தெரியும்.
கதவு திறக்கிறவனுக்குத் தெரியவில்லை.

எங்கள் லயத்தில் ஐந்தாம் வீட்டைக்
கரையான் தின்றதென்று இடித்தார்கள்.
கடைசி வீட்டுக் கதவில் ஆறை அழித்து
ஐந்து என்று பெயின்ட் அடித்தார்கள்.
அதன்பிறகு மூன்று மாதம்
கனகாம்புஜத்தின் கடிதங்களெல்லாம்
ஆறாம் வீடு இல்லை என்று எழுதித் திரும்பிப் போயின.
அவள் அங்கேயேதான் இருந்தாள்.
அதே அடுப்பு, அதே நாய்,
மாப்பிள்ளை வீட்டார் போட்ட பதில் மட்டும்
வந்து சேரவில்லை.

ஆறைத் தேடுகிறாயா, சனியனே.

முதல் லோரி மேடையில் ஏறி நின்றது.
வீரசிங்கம் ஹாரன் அடிக்கவில்லை.
அடித்திருந்தால் கோபமாவது பட்டிருக்கலாம்.
எஞ்சினை அணைத்துவிட்டு
ஸ்டீயரிங் மேல் கையை வைத்துக்கொண்டு
என் ஜன்னலையே பார்த்தார்.

எல் எஸ் என்று தட்டினேன்.
ஒவ்வொரு கதவாகத் தட்டினேன்.
ஒன்று: தெரியாத அமைப்பு.
இரண்டு: தெரியாத அமைப்பு.
ஐந்தில் கோப்புறைகள் வரிசையாக வந்தன,
பூட், ஹோம், டெம்ப்,
விருந்தாளியைக் கண்ட பிள்ளைகள் போல.

பாதையை ஐந்துக்கு மாற்றினேன்.
ஒரு கமா தப்பாகி, மறுபடி.
கடைசிக் கட்டளை வெறும் ஒரு சொல்: நார்மல்.
தூக்கம் கெட்ட கண்ணோடு,
நேற்றைய சட்டையோடு,
இயந்திரத்திடம் நார்மல் என்று சொல்லி
என்டர் தட்டினேன்.

ஊதா நிறத்தில் பட்டியல் எழுந்தது.
இரண்டு பெயரும் இருந்தன.
பத்து, ஒன்பது என்று எண்ணத் தொடங்கியது.
முதலில் லினக்ஸுக்குப் போய்
புது நம்பரை நிரந்தரமாக எழுதிவிட்டு
அப்புறம்தான் விண்டோஸைத் திறந்தேன்.

குலையும் லோரியும் சேர்த்து
பதினோரு டன் நானூற்று இருபது கிலோ.
சீட்டைக் கிழித்து நீட்டினேன்.

வீரசிங்கம் உள் விளக்கில் பிடித்துப் படித்தார்.
இன்னொருமுறை படித்தார்.
"கிராணியம்மா, இது நேத்து ராத்திரி
பத்து இருபதுன்னு போட்டிருக்கே."

ஒரு கடிகாரம், இரண்டு பேர் கை வைத்தது.
ஒருவன் கிரீனிச்சில் எழுதினான்,
மற்றவன் அதை பகாவ் என்று படித்தான்.
எட்டு மணி நேரம் போயிற்று.

"கொடுங்க, மாத்தி அடிக்கிறேன்."

"ஞாயித்துக்கிழமை வேலைன்னா
ரெட்டைச் சம்பளம் இல்லையா?"
சிரிக்காமல்தான் கேட்டார்.
சீட்டை நாலாக மடித்துச்
சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.
புதியதில் நேரத்தைப் பேனாவால் திருத்தி,
பக்கத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.
அதையும் வாங்கிக்கொண்டார்.

பின்னால் இரண்டாவது லோரி.
அவன் ஹாரன் அடித்தான்.